மூணு கோல் வாங்குவான்

அந்தப் போன்ல ஓடுறது பந்துகளிதானே தம்பி? நிறுத்த வேண்டாம், நிறுத்த வேண்டாம், பாருங்க. கண்ணாடி இல்லாம எனக்கு ஆளு தெரியாது, சத்தத்தை வச்சே சொல்லிருவேன். ஒருத்தன் ஒரு கோல் முன்னால நிக்கான், இல்லியா? கூட்டம் கத்துற கத்தலைக் கேட்டா சொந்த ஊர்க்காரன்தான். அவன் ஜெயிக்கமாட்டான். கடைசி நேரத்துல ஒண்ணு திருப்பி வாங்குவான், பாத்துக்கிட்டே இருங்க.

எதுவரைக்கும் போறீங்க? கோழிக்கோடா? நான் உங்களுக்கு முன்னாலயே இறங்கிருவேன், திரூர்ல. நேரம் நெறையக் கெடக்கு. அந்த சன்னலை மட்டும் கொஞ்சம் இறக்கி விடுங்க, காத்துல எனக்க பேச்சு உங்களுக்குக் கேக்காது.

தூத்தூர் பக்கத்துல எங்க துறையில வந்து கிளீட்டஸ்னு கேட்டா, எந்தக் கிளீட்டஸ்னு கேப்பானுவ. வயர்லெஸ் கிளீட்டஸ்னு சொல்லுங்க, கையைப் பிடிச்சு வீட்டுவாசல்ல கொண்டு விடுவானுவ. கால்முட்டு போனதுக்குப் பொறவு நான் கடலுக்குப் போகல்ல. மீன்பிடி போட்டுக்காரனுவ எல்லாம் சேந்து கரையில ஒரு ஷெட்டு போட்டு வயர்லெஸ் வச்சிருக்கானுவ, அதுல நாந்தான் உக்காந்திருப்பேன். எங்க ஆளுவ தங்கலுக்குப் போறவனுவ. தங்கல்னா, போனா வாரக்கணக்குல கடல்லயே கெடந்து மீன் பிடிக்கிறது. காத்து எப்படி, மீன் வெலை எப்படி, யாருக்குப் பிள்ளை பெறந்துது, எல்லாத்தையும் கரையில இருந்து நான் சொல்லணும். தூரத்துல கெடக்குற போட்டுக்கு நடுவுல கெடக்குற போட்டு எடுத்துச் சொல்லும்.

ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சா களி சொல்லுவேன். அந்த வாரம் எங்கெங்க பந்துகளி இருக்கோ, அத்தனைக்கும் யாரு ஜெயிப்பான், யாரு தோப்பான், எத்தன கோலு, எல்லாம் வரும். இங்கிலீஷ்காரன் களி, ஸ்பெயின்காரன் களி, நம்ம நாட்டுக் களி. ஆழக்கடல்ல நெட்டும் கெடையாது, டிவியும் கெடையாது. அங்க எனக்க வாய்தான் டிவி. எங்க ஊர்ல பாதிப்பேரு அர்ஜென்டினா, பாதிப்பேரு பிரேசிலு. பொண்ணு பாக்கப் போனாக்கூட அதைத்தான் மொதல்ல கேப்பானுவ. அப்படிப்பட்ட ஊர்ல கிளீட்டஸ் அண்ணன் சொன்னா சொன்னதுதான்னு பேரெடுக்கிறது சும்மாவா? பெருமைக்குச் சொல்லல்ல. பத்துக்கு எட்டு பலிக்கும்.

எனக்க மகன் லிபின், கோலி. கோல் கீப்பரை நாங்க கோலின்னுதான் சொல்லுவோம். கோவா பக்கம் ஒரு கிளப்புல சம்பளத்துக்குக் களிச்சான். கிளப்புக்க பேரு வேண்டாம், நான் எவனுக்க பேரையும் கெடுக்க வரல்ல. எங்க துறையில இருந்து அந்த ஒசரத்துக்குப் போன மொத ஆளு அவன். பனைமரம் கணக்கா வளத்தி. கைய விரிச்சான்னா... இருங்க, வேண்டாம். நான் இப்படிப் பேசப்பிடாது.

நாவேறு தெரியுமா உங்களுக்கு? கண்ணேறு தெரியும்லா, கண்ணு படுறது? அதுபோல நாக்கும் படும். பிள்ளை கொழுகொழுன்னு இருக்குன்னு ஒருத்தன் வாய்விட்டுச் சொல்லிட்டான்னா ராத்திரியே காய்ச்சல் வந்திரும். அதனால எங்க ஊர்ல நல்லா இருக்க பிள்ளையைப் பாத்து, 'என்ன சவம், எலும்பும் தோலுமா இருக்கு'ன்னுதான் சொல்லணும். பெத்தவன் நாக்குதான் எல்லாத்துலயும் மோசம். அவனுக்குத்தான் ஆசை கூடுதல். லிபின் பெறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில, 'கருங்கொரங்கு மாதிரி ஒண்ணைப் பெத்து வச்சிருக்கா'ன்னு சொன்னேன். எனக்க பெஞ்சாதி பிலோமிக்குச் சிரிப்பு தாங்கல்ல. அப்படி வளத்த பிள்ளை அவன்.

அப்ப அவன் களிக்கிற களிக்கு நான் எப்படிச் சொல்லுவேன்? தலைகீழாத்தான். 'இந்த வாரம் எனக்க மகன் மூணு கோல் வாங்குவான், வேய்! போஸ்ட்டுக்கு நடுவுல நட்டு வச்ச கம்பு மாதிரி நிப்பான்!' அப்படித்தான் வயர்லெஸ்ல விடுவேன். கடல்ல கெடக்கவன் எல்லாம் சிரிப்பான். எவனாவது ஒருத்தன், 'அண்ணே, மூணு போதுமா, அஞ்சு சொல்லும்'பான். எல்லாவனுக்கும் அர்த்தம் தெரியும். அந்த சீசன் முழுக்க அப்படியே சொன்னேன், அந்த சீசன் முழுக்க அவன் கோட்டையாட்டம் நின்னான். அவன் பயிற்சி எடுத்தான், ஓடினான், சாடினான், எல்லாம் சரி. ஆனா கரையில ஒருத்தன் நாக்கைக் காவலுக்குப் போட்டு உக்காந்திருந்தான்லா? அதை எவன் கணக்குல வச்சான்?

அவனே வைக்கல்ல தம்பி. வாரத்துக்கு ஒருக்கா அவனுக்க அம்மைக்குப் போன் பண்ணுவான். அவ, 'அப்பாட்ட குடுக்கவா'ன்னு கேப்பா. அவனுக்கு அப்பத்தான் பஸ் வரும்.

பொறவு அந்த வாரம் வந்துது. மழையில நின்னுபோன களியையும் சேத்து ஒரே வாரத்துல மூணு களி வச்சானுவ. அதைப் பாக்க இந்தியா கேம்புக்கு ஆளெடுக்கிறவனுவ வாறானுவன்னு பேச்சு. இந்தியாச் சட்டை! எனக்கு ஒரே வெப்ராளம். சோறு இறங்கல்ல. சும்மா மூணு கோலுன்னு சொன்னாப் போதாது, இந்தத் தடவை கெட்டியாச் சொல்லணும்னு உக்காந்து யோசிச்சேன். ஞாயித்துக்கெழமை வயர்லெஸ் செட்டைப் பிடிச்சுச் சொன்னேன்: 'செவ்வாக்கெழமை எனக்க மகன் காலுக்கு எடையில ஒண்ணு விடுவான். வியாழக்கெழமை பெனால்ட்டிக்கு வலதுபக்கம் சாடுவான், பந்து இடதுபக்கம் போவும். ஞாயித்துக்கெழமை மூணு கோல் வாங்குவான், வாங்கிட்டு மாடு மாதிரி முழிச்சிட்டு நிப்பான்.' கடல்ல ஒரே சிரிப்பு.

செவ்வாக்கெழமை காலுக்கு எடையில போச்சு. நான் டிவி முன்னால உக்காந்து பாத்துட்டு இருக்கேன். வியாழக்கெழமை எதிராளிக்குப் பெனால்ட்டி கெடைச்சுது, வலதுபக்கம் சாடினான், பந்து இடதுபக்கம் போச்சு. ஞாயித்துக்கெழமை மூணு. மூணாவது கோலு ஒரு சின்னப் பிள்ளை பிடிக்கிற பந்து தம்பி, கையில வந்து விழுந்து நழுவிப் போச்சு. நான் எழும்பிப் போய் முத்தத்துல நின்னு அழுதேன். ஆமா, அழுதேன். அதுல என்ன இருக்கு.

ஆனா திங்கக்கெழமை ஷெட்டுக்குப் போனா கதையே வேற. துறையில நிக்கவன் பூரா அங்க நிக்கான். 'அண்ணே, பெனால்ட்டிக்க பக்கத்தைக்கூடச் சொல்லிட்டீரே! இது மனுசன் வாய் இல்ல'ங்கான் ஒருத்தன். 'பெத்த மகன்னுகூடப் பாக்காம சொன்னாரு பாத்தியா, அதுதான் கணிப்பு'ங்கான் இன்னொருத்தன். வயர்லெஸ்ல ஒவ்வொரு போட்டா வந்து வாழ்த்து சொல்லுகான். அப்ப நான் என்ன சொல்லணும்? 'இல்லலே, நான் தலைகீழாச் சொன்னேன், அது தவறிப்போய்ப் பலிச்சுப்போச்சு'ன்னா? அவனுவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா அந்த நேரத்துல எல்லாவனும் மறந்திருந்தான். நானும் கொஞ்சம் மறந்திருந்தேன்னே வச்சுக்கிடுங்களேன்.

முந்தின ஞாயித்துக்கெழமை நான் வயர்லெஸ்ல பேசுனதை ஒரு போட்டுல கெடந்த பய போன்ல பிடிச்சு வச்சிருக்கான். கொச்சியில கரையேறினதும் எல்லாவனுக்கும் அனுப்பி விட்டான். எங்க ஆளைப் பாத்தியாலேன்னு ஒரு பெருமைக்கு அனுப்பினதுதான். ஆனா அது சுத்திச் சுத்திக் கோவாவுக்குப் போயிட்டு. களிக்கு முந்தியே கோலிக்க அப்பன் எல்லாம் சொல்லியிருக்கான்னு அங்க ஒருத்தன் நெட்டுல போட்டான். அப்ப பையன் வேணும்னுதான் விட்டிருக்கான், சூதாட்டக்காரனுவகூடக் கூட்டுன்னு அடுத்தவன் போட்டான். அப்படிப் போடுறவனுவளுக்கு வீட்ல வேற வேலை இருக்காதா?

ஒரு நாள், களி நடத்துறவனுவ விசாரிக்க அனுப்பி ரெண்டு பேரு கார்ல வந்து எறங்கினானுவ. ஒருத்தரு சந்திரசேனன்னு மலையாளத்துக்காரரு, போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவராம், தங்கமான மனுசன். இன்னொருத்தன் எழுதி எடுக்கிறவன். ஷெட்டுக்குள்ள பெஞ்சு போட்டு உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தேன். வெளிய ஊரே நிக்கு. சன்னல்ல எல்லாம் தலை.

சந்திரசேனன் சார் மெதுவாக் கேட்டாரு: "கிளீட்டஸ், உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது? சும்மா ஒரு தமாஷுக்குச் சொன்னதா?"

அந்த மனுசன் எனக்கு ஒரு வழி திறந்து விட்டாருன்னு பிலோமி பொறவு சொன்னா. தமாஷுன்னு சொல்லியிருந்தா எழும்பிப் போயிருப்பாராம். அவளுக்கு எல்லாம் முடிஞ்ச பொறவுதான் புத்தி வரும். நீங்க சொல்லுங்க, ஊரு முன்னால வச்சு எனக்க கணிப்பைத் தமாஷுன்னு நானே சொல்லவா? நாவேறு விசயத்தைச் சொல்லியிருக்கலாம். மலையாளத்துக்காரருக்குத் தெரியாததா, அங்கயும் உண்டு. ஆனா சொன்னா, கிளீட்டஸ் குருட்டாம்போக்குல அடிச்சான்னு ஆயிரும்.

அதனால சொன்னேன்: "அவன் எனக்க மகன் சார். களிக்கு முந்தி எனக்கிட்டப் பேசாம இறங்கமாட்டான். அவனுக்க மனசு எனக்குத் தெரியும்."

"அந்த வாரமும் பேசினானா?"

"எல்லாக் களிக்கும் பேசுவான் சார். அப்பாட்ட கேட்டுட்டுத்தான் காலை எடுத்து வைப்பான்."

வெளிய நின்னவனுவ ஒருத்தனை ஒருத்தன் பாத்தானுவ. எனக்க நெஞ்சு எப்படி விரிஞ்சுதுன்னு நினைக்கிறீங்க. எங்க ஊர்ல யாருக்க மகன் அப்படிக் கேக்கான்? எழுதுறவன் எழுதிக்கிட்டே இருந்தான். சந்திரசேனன் சார் பாதி டீயை அப்படியே வச்சுட்டு எழும்பிட்டாரு.

அந்த வாரமே லிபினைக் கிளப்புல இருந்து நிறுத்தி வச்சானுவ. அன்னைக்குத்தான் தம்பி, அவன் எனக்க போனுக்கே கூப்பிட்டான். எனக்க போனுக்கு!

"அப்பா, அந்த வாரம் நான் உங்ககிட்டப் பேசவே இல்லல்லா?"

"இல்ல மக்களே."

"அதை மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். கம்ப்யூட்டர்ல கூப்பிட்டுக் கேப்பாங்க. அன்னைக்குச் சொன்னது பொய்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்க ஃபுட்பாலே அதுலதான் இருக்குப்பா."

"சொல்லுகேன் மக்களே, ஒனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்ல"ன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

அப்பத்தான் பிலோமி விரல் கதையைச் சொன்னா. அந்த வாரத்துக்கு முந்தியே அவனுக்கு வலது கை விரல் பெசகி வீங்கிக் கெடந்திருக்கு. கேம்புல எடுக்காம விட்டிருவானுவன்னு கிளப்புக்குத் தெரியாம துணி சுத்தி, அதுக்கு மேல கையுறை போட்டுக் களிச்சிருக்கான். பந்து எப்படி நிக்கும்? அம்மைக்கிட்ட மட்டும் சொல்லியிருக்கான். அப்பாகிட்டச் சொல்லாதே, வயர்லெஸ்ல விட்டிருவாருன்னும் சொல்லியிருக்கான். பாத்தீங்களா? இதுதான் எனக்கு மனக்கொறை. அப்பன்கிட்ட மறைச்சா இப்படித்தான் வந்து முடியும். விரல்னு ஒரு வார்த்தை எனக்குத் தெரிஞ்சிருந்தா அதுக்குத் தக்கன வேற மாதிரி சொல்லியிருப்பேன்லா?

விசாரணைக்குப் பங்குச்சாமியாருக்க கம்ப்யூட்டர்தான். சாமியாரு நிக்காரு, போட்டுச் சங்கத்துத் தலைவரு நிக்காரு, பிலோமி கதவுக்கிட்ட ஜெபமாலையைப் பிடிச்சிட்டு நிக்கா. கம்ப்யூட்டர்ல சின்னச் சின்னக் கட்டமா மூஞ்சி. ஒரு கட்டத்துல லிபின். மெலிஞ்சுபோய் இருந்தான். நான் கையைக் காட்டினேன், அவன் பாத்தானோ என்னவோ.

விசாரிக்கிற ஒரு அம்மா, கண்ணாடி போட்டவ, தமிழ்லயே கேட்டா: "லிபினோட போன் கணக்கை எடுத்துப் பாத்தோம். அந்த வாரம் மட்டும் இல்ல, அந்த சீசன் முழுக்க உங்க நம்பருக்கு ஒரு தடவைகூட அவர் பேசல. பேசினார்னு நீங்க சொன்னது பொய்தானே?"

சீசன் முழுக்க. ஒரு தடவைகூட. சாமியாருக்கு முன்னால, தலைவருக்கு முன்னால, அப்படியே போட்டு ஒடைச்சா. பொய்யன்னு சொன்னதுகூட எனக்குப் பெரிசாப் படல்ல. மகன் திரும்பிப் பாக்காத அப்பன்னு சொல்லிட்டால்லா? நாளைக்கு அது கடல் முழுக்கப் போவும்.

"போன் கணக்கைப் பாத்து அப்பனையும் மகனையும் அளக்காதீங்கம்மா"ன்னேன். "பேசணும்னா அந்த ஒரு போன்தானா? வேற போன் இல்லியா ஒலகத்துல?"

"வேற போன்ல பேசினாரா?"

"பேசுவான்."

"எந்த நம்பர்?"

"அதெல்லாம் நான் பாத்து வைக்கிறதில்ல."

பிலோமி 'ஐயோ மாதாவே'ன்னு ஒரு சத்தம் போட்டா. கட்டத்துக்குள்ள லிபின் ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்தினான். பொறவு அந்தக் கட்டம் கறுத்துப் போச்சு. நெட்டு போயிட்டுன்னு நினைச்சேன்.

ரகசியமா வேற போன் வச்சிருக்கான்னு எழுதிட்டானுவ. விரலைப் பத்திச் சொன்னதுக்கு, கிளப்புக்கிட்டயே மறைச்ச பையன்தானே, எதைத்தான் மறைக்கமாட்டான்னு கேட்டிருக்கானுவ. இனிமே எந்தக் கிளப்புக்கும், எந்த மைதானத்துலயும் களிக்கப்பிடாதுன்னு தடை. மேல அப்பீல் போலாம்னாங்க, அவன் போகல்ல. வீட்டுக்கும் வரல்ல. அவ்வளவுதான்.

தப்பு எனக்க மேலன்னு நினைக்கிறீங்களோ? எல்லாவனும் அப்படித்தான் நினைக்கான். ஞாயித்துக்கெழமை களி சொல்ல வேண்டாம், காத்தும் மீன் வெலையும் போதும்னு சங்கத்துல சொல்லிட்டானுவ. எனக்க மகன் எனக்கிட்டப் பேசுவான்னு சொன்னது ஒரு குத்தமா தம்பி? எந்த ஊர்ல இது குத்தம்?

சரி, அதை விடுங்க. இப்ப எங்க போறேன்னு கேட்டீங்கல்லா. பொன்னானித் துறையில இருக்க எங்க ஆளு ஒருத்தன் சொன்னான், திரூர் பக்கம் செவன்ஸ் களியில ஒரு கோலி நிக்கான், ஷாஜின்னு பேரு, அச்சு அசல் உங்க லிபினாட்டம் இருக்கான்னு. செவன்ஸ்னா ஏழு பேரு களிக்கிறது. அறுத்த வயல்ல கமுகு நட்டு கேலரி கட்டி, ஊரே வந்து பாக்கும். அங்க தடையும் கேக்கமாட்டான், பேப்பரும் கேக்கமாட்டான். போன மாசம் கெளம்பி வந்தேன். சாயங்காலம் கூட்டத்துல மேல்தட்டுல ஏறி உக்காந்தேன். அவனேதான். நடையைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. விரல் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்போல, கையைத் தட்டும்போது ஒண்ணு தனியா நிக்கு. ஆனா பந்து ஒண்ணையும் விடல்ல.

மைக்ல ஒருத்தன் களியோட களியா ஆளுவளைப் பத்திச் சொல்லிட்டே இருந்தான். எனக்கு மலையாளம் நல்லாத் தெரியும். 'நம்ம ஷாஜி, கன்னியாகுமரிக் கடப்புறத்துப் பையன். புயல்ல அப்பனைப் பறிகொடுத்தவன். குடும்பத்துக்காக இங்க வந்து களிக்கான், ஒரு கை குடுங்க'ன்னான். கூட்டம் பூரா எழும்பிக் கை தட்டுது. லிபின் அங்க இருந்து கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

பக்கத்துல கடலை தின்னுட்டு இருந்த ஆளு, "பாவம், அப்பனுக்க உடம்புகூடக் கெடைக்கலியாம்"னான்.

நானும், "பாவம்"னேன். பின்ன என்ன சொல்ல? எந்த போட்டுல போனாராம்னு கேட்டேன். தெரியாதுன்னான்.

மொதல்ல எனக்கு ஒண்ணும் புரியல்ல தம்பி, உண்மையைச் சொல்லணும்லா. பொறவு மெல்லப் புரிஞ்சுது. புரிஞ்சதும் சிரிச்சிட்டேன். அவனுக்க அப்பன் செத்துப்போயிட்டான்னு ஊர் ஊரா, மைதானம் மைதானமா, மைக் வச்சுச் சொல்ல வைக்கான். எதுக்கு? நான் அவனுக்குச் செஞ்சதைத்தான் அவன் எனக்குச் செய்யுகான். தலைகீழாச் சொல்லுகான். எனக்க ஆயுசுக்கு நாவேறு படப்பிடாதுன்னு சொல்லுகான். வேற என்ன அர்த்தம் இருக்க முடியும், நீங்களே சொல்லுங்க?

வீட்ல வந்து பிலோமிகிட்டச் சொன்னேன். அவ தரையில உக்காந்து அப்படி அழுதா. சந்தோசம் தாங்கல்லபோல.

இன்னைக்கும் களி இருக்கு, அதான் போறேன். ஆனா அவனுக்க முன்னால போய் நிக்கமாட்டேன். அவ்வளவு பாசமாச் சொல்லி வச்சிருக்கான், நான் போய் உயிரோட நின்னா அது பலிக்காமப் போயிரும்லா. கூட்டத்தோட கூட்டமா உக்காந்து பாத்துட்டு, காலையில வண்டி ஏறிருவேன்.